விறகடுப்பு புகைகிறதா? இடிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

விறகடுப்பு என்றால் புகை இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடியே சமைக்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அதை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பு ஒழுங்காக இருந்தால், பற்றவைக்கும் ஓரிரு நிமிடம் தவிர அடுப்படிக்குள் புகை வரக் கூடாது. வந்தால் எங்கோ பழுது இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் காசே செலவில்லாமல் சரியாகிற பழுது.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் உள்ளே காஸ் அடுப்பு இருந்தாலும், பின்கட்டில் ஒரு விறகடுப்பு இல்லாத தோட்டத்து வீடு குறைவு. தென்னை மட்டையும் பாளையும் தோப்பில் சும்மா கிடக்கின்றன. வெந்நீருக்கும் விசேஷச் சமையலுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. இந்த அடுப்புகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வதே, "இதை இடிச்சிட்டு வேற கட்டிக் குடுத்துருங்க" என்பதுதான். உண்மையில் இடிக்க வேண்டி வருவது அபூர்வம். குழாயில் ஒரு குளவிக்கூடு இருக்கும், இல்லாவிட்டால் விறகு பச்சையாக இருக்கும்.

இங்கே சொல்வது மண்ணிலோ செங்கல்லிலோ கட்டிய இரட்டை அடுப்புக்கு. முன்னால் விறகு வைக்கும் வாய், அதன்மேல் பெரிய பாத்திரம், பின்னாலோ பக்கத்திலோ அதே தீயில் சூடேறும் இரண்டாவது துளையான கொடியடுப்பு, அதைத் தாண்டிப் புகைக்குழாய். உங்கள் வீட்டில் எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிப்பது கடைசியிலும் இருக்கிறது. வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்

அடுப்பு எரியும்போது அடுப்படியில் இருப்பவருக்குத் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. வெளியே வந்தால் சரியாகிறது என்றால், பழுது தேடுவதை விடுங்கள். எல்லோரும் வெளியே வர வேண்டும். கதவு சன்னலைத் திறந்துவிட முடிந்தால் திறந்துவிட்டு வாருங்கள். மயங்கியவர் இருந்தால் வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ கிடையாது. கண்ணெரிச்சலைத் தராமலே ஆளைச் சாய்த்துவிடும். தழல் அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்துதான் இது அதிகம் வருகிறது, அதனால் "புகையே இல்லையே" என்று ஏமாந்துவிடுகிறோம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் இறந்துபோன செய்திகள் வந்திருக்கின்றன. குமுட்டி அடுப்பு, கரிச் சட்டி, தணல் போட்ட எந்தப் பாத்திரமும் மூடிய அறைக்குள் போகவே கூடாது. குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிற தூபக்காலைக்கூட வேலை முடிந்ததும் வெளியே வைத்துவிடுங்கள்.

புகைபோக்கி உள்ள அடுப்பில் இப்படி நேர்ந்தால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது புகை உள்பக்கம் இழுக்கப்படுகிறது. குழாயைச் சுத்தம் செய்து, அடுத்து வரும் சோதனையில் தேறும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

## ஊதுபத்திச் சோதனை

எந்தக் கோளாறுக்கும் முதலில் இதைச் செய்யுங்கள். அடுப்பு ஆறியிருக்க வேண்டும். இரண்டு பாத்திரங்களையும் அவற்றின் இடத்தில் வையுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாய்க்கு நேரே, உள்ளே ஒரு விரல் தள்ளிப் பிடியுங்கள். கையை ஆட்டாமல், மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு பாருங்கள்.

புகை வளைந்து உள்ளே போனால் இழுப்பு இருக்கிறது. நேராக மேலே போனால் இழுப்பு இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால் குழாய் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. அடுப்பு எரியும்போது அதே ஊதுபத்தியைப் பாத்திர விளிம்பைச் சுற்றியும், விரிசல் ஓரத்திலும், குழாய் மூட்டுகளிலும் கொண்டுபோங்கள். புகை எங்கே உள்ளே உறிஞ்சப்படுகிறதோ அங்கெல்லாம் திருட்டுக் காற்று நுழைகிறது. எங்கே வெளியே தள்ளப்படுகிறதோ அங்கே குழாயின் இழுப்பு போதவில்லை.

## புகை அடுப்படிக்குள் திரும்புகிறது

### பற்றவைக்கும்போது மட்டும்

குழாய் குளிர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். காலையில், முக்கியமாக மழை நாளிலும் மார்கழியிலும், குழாய்க்குள் நிற்கும் ஈரக் காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். நேரே விறகைப் பற்றவைத்தால் புகைக்கு வழி கிடைக்காது. காய்ந்த பன்னாடை ஒரு கைப்பிடி, இல்லையென்றால் ஓலைக் கீற்று இரண்டை முறுக்கி, கொளுத்திக் கொடியடுப்புத் துளை வழியாகக் குழாயின் அடிப்பக்கம் பிடியுங்கள். ஒரு நிமிடம் எரிந்தால் குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கும். அப்புறம் கொடியடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு முன்வாயில் சுள்ளியைப் பற்றவையுங்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அடியில் ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் போதும், ஊற்றிய எண்ணெய் ஆவியாகிக் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையைப் போட்டுப் பற்றவைப்பதும் அதே அளவு தவறு. அந்தப் புகையைச் சுவாசிப்பது நீங்கள்தான்.

### எரியும்போதெல்லாம் புகைகிறது

கொடியடுப்பு திறந்து கிடக்கிறதா? அடிக்கடி காண்கிற காரணம் இதுதான். ஒரே பாத்திரம்தான் வைக்க வேண்டும் என்று பின்துளையைத் திறந்தே விட்டுவிடுவார்கள். குழாய் சூடான புகையை இழுப்பதற்குப் பதில், அந்தத் துளை வழியாக அறைக் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். முன்வாய்ப் புகைக்குப் போக வழியில்லை. துளையில் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். அது வேண்டாம் என்றால் தட்டையான கல்லோ இரும்பு மூடியோ போதும்.

பாத்திரம் சரியாக உட்காருகிறதா? பெரிய அண்டாவுக்கு வைத்த துளையில் சின்னச் சட்டியைக் குமிழ் (துளையைச் சுற்றிப் பாத்திரத்தைத் தாங்க வைக்கும் மேடு) மேல் ஏற்றி வைத்தால் சுற்றிலும் இடைவெளி விழும். புகைபோக்கி உள்ள அடுப்புக்குக் குமிழ் தேவையே இல்லை. பாத்திரம் துளையில் கால்பங்கு இறங்கி விளிம்போடு ஒட்டி உட்கார வேண்டும். பழைய பழக்கத்தில் குமிழ் வைத்துக் கட்டியிருந்தால் அவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, சிறு பாத்திரத்துக்கு இரும்பு வளையம் ஒன்றைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் நிறைய விறகு திணித்திருக்கிறதா? விறகின் மேல் பாதியளவு இடம் காற்றுக்கு வேண்டும். மூன்று நான்கு துண்டுகள் போதும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். மட்டையை முழு நீளத்துக்கு உள்ளே விட்டு, வாய்க்கு வெளியே எரிய விடக் கூடாது.

சாம்பல் நிறைந்திருக்கிறதா? அடியில் இரும்புச் சல்லடை உள்ள அடுப்பில் சல்லடைக்குக் கீழே நான்கு விரல் இடமாவது காலியாக இருக்க வேண்டும். சாம்பல் சல்லடையைத் தொட்டால் காற்று நின்றுவிடும். அதோடு சல்லடையும் பழுத்துச் சிவந்து தொய்ந்துபோகும்.

குழாய் அடைத்திருக்கிறதா? மேலே உள்ளவை எல்லாம் சரி என்றால் குழாய்தான். குழாயின் அடியில் கரி எடுக்க விட்டிருக்கும் சிறு வாசலைத் திறந்து, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை உள்ளே சாய்த்து வையுங்கள். நேரான குழாயாக இருந்தால் பகலில் அந்தக் கண்ணாடியில் வானம் ஒரு வெள்ளைக் காசு மாதிரி தெரியும். தொப்பி போட்ட குழாயில் நடுவைத் தொப்பி மறைக்க, சுற்றிலும் வெளிச்சம் ஒரு வளையமாகத் தெரியும். வட்டம் சுருங்கியிருந்தால் கரி. ஒரு பக்கம் கடித்தது போல இருந்தால் குளவிக்கூடு, மைனா கூடு, அணில் கொண்டுவந்து திணித்த நார். ஒன்றுமே தெரியாவிட்டால் முழு அடைப்பு, அல்லது குழாய் வளைந்து போகிறது.

கரி படிவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 3 அங்குலக் குழாயின் உள்ளே சுற்றிலும் அரை அங்குலம் படிந்தால் விட்டம் 2 அங்குலமாகிறது. விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைவதாகத் தோன்றும், புகை போகும் வழியோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

சுத்தம் செய்யும் முறை: முந்தின இரவே அடுப்பை அணைத்து ஆற விடுங்கள். இரண்டு துளைகளையும் வாயையும் ஈரக் கோணியால் மூடுங்கள், இல்லையென்றால் அடுப்படி முழுக்கக் கரி பறக்கும். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மேலே தொப்பியைக் கழற்றி, கோணித் துண்டில் ஒரு கல்லைப் பொதிந்து, குழாய்க்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்குத் தேங்காய் நாரைச் சுற்றிக் கட்டி, கயிற்றில் இறக்குங்கள். இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி, கரி விழும் சத்தம் நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு கீழே உள்ள வாசல் வழியாக அள்ளுங்கள். அந்த வாசலைத் திரும்ப மூடி, ஓரத்தைச் சேறு பூசி அடைக்க மறக்க வேண்டாம். அங்கே ஓட்டை இருந்தாலும் இழுப்பு போய்விடும். தினமும் எரியும் அடுப்புக்கு மாதம் ஒரு முறை இதைச் செய்தால் பல தொல்லைகள் வரவே வராது.

கூரை மேல் ஏறுவதில் கவனம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலும் பழைய நாட்டு ஓட்டிலும் காலை நேரே வைக்கக் கூடாது, உடைந்து விழுவீர்கள். மட்டமான மாடியாக இருந்தால் நீங்களே செய்யலாம். ஓட்டுச் சாய்ப்பு என்றால் ஓடு மாற்றுகிற ஆளைக் கூப்பிடுங்கள். பலகை போட்டு ஏற அவர்களுக்குத் தெரியும்.

### காற்றடிக்கும் நாளில் மட்டும்

எங்கள் பக்கம் இது ஆனி, ஆடியின் தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும்போது, மற்ற மாதங்களில் நன்றாக இழுக்கும் குழாய்கூடப் புகையைக் கக்கும். கம்பம், தேனிப் பக்கத்துக்காரர்களுக்கும் ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

முதலில் தொப்பியைப் பாருங்கள். தொப்பி இல்லாவிட்டால் தகரத்தில் கூம்புத் தொப்பி செய்து மாட்டுங்கள். இருந்தால், குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் இடையே எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். மழைச்சாரல் விழக் கூடாதென்று ஒட்டினாற்போல் மூடியிருப்பார்கள். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி இருந்தால் நல்லது.

அது சரி என்றால் உயரம். குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள முகடு, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துச் சுவர் எதுவானாலும் அதைவிட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி குற்றவாளி தண்ணீர்த் தொட்டிதான். அடுப்பு கட்டியபோது அது இருந்திருக்காது. பிறகு மாடியில் தொட்டி ஏற்றியிருப்பார்கள், காற்று அதில் மோதி அப்படியே குழாய்க்குள் இறங்கும். இன்னொரு துண்டுக் குழாய் சேர்த்து, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

உயர்த்தவும் வழியில்லை என்றால், குழாய் உச்சியில் 'டீ' வடிவத் துண்டைப் பொருத்தி அதன் இரு வாய்களும் வடக்கு தெற்காக இருக்கும்படி திருப்பி வையுங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று வாய்க்குள் நுழையாமல் குறுக்கே ஓடும்.

### சன்னலைத் திறந்தால் நின்றுவிடுகிறது

அறைக்குள் காற்று வர வழியில்லை. குழாய் வழியே வெளியே போகும் அளவுக்கு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். புதிதாகக் கட்டிய வீடுகளில் கண்ணாடிச் சன்னலும் இறுக்கமான கதவும் வைத்துவிடுவதால் இது கூடிவிட்டது. எக்ஸாஸ்ட் ஃபேனையோ காஸ் அடுப்புக்கு மேலே உள்ள மின் சிம்னியையோ நிறுத்திப் பாருங்கள். அதை நிறுத்தியதும் புகை நின்றால் காரணம் தெரிந்துவிட்டது: விசிறி புகைக்குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள். அடுப்புக்கு அருகே சுவரின் அடிப்பக்கத்தில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு எலி வராமல் கம்பி வலை அடித்தால் நிரந்தரமாகச் சரியாகும்.

### எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் புகைகிறது

அப்படியானால் கட்டுமானத்தில் குறை. குழாய் நேர் குறுக்காக 90 பாகையில் திரும்புகிறதா, சுவருக்குள் வெகுதூரம் படுத்துக்கொண்டு போகிறதா, பெரிய வாய்க்கு 3 அங்குலக் குழாய் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் அடுப்பு கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். வளைவை இரண்டு 45 பாகைத் துண்டுகளாக மாற்றுவதும், குழாயை 4 அங்குலமாக்குவதும் அவர் வேலை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயை வெட்ட வேண்டி வந்தால், உலர்ந்தபடி ரம்பம் போட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, பல வருடம் கழித்துத்தான் தெரியும். நனைத்து, கழற்றி, முழுத் துண்டாக அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

## விறகு எரியாமல் கனன்று புகைகிறது

அடுப்பைத் திட்டுவதற்கு முன் விறகைத் தட்டிப் பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த விறகு 'டங்' என்று கணீரென ஒலிக்கும், பச்சை விறகு 'தொப்' என்னும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடியிருந்தால் காய்ந்தது. எரியும்போது மறுமுனையில் நுரை கட்டிச் 'சுர்'ரென்று சத்தம் வந்தால் நீங்கள் சமைப்பது சோற்றை மட்டுமில்லை, விறகிலுள்ள தண்ணீரையும்தான். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கும். எரிக்கத் தகுந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

காயவைப்பது வெயிலின் வேலை, பிளப்பது நம் வேலை. உருட்டுக்கட்டையாக அடுக்கினால் தோலுக்குள் ஈரம் அப்படியே நிற்கும். கை மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, மாசி பங்குனியிலேயே அடுக்கிவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் நன்றாகக் காய்ந்துவிடும். தரையில் அடுக்காமல் செங்கல் மேல் கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தார்ப்பாய், பக்கங்கள் திறந்திருக்கட்டும். நாலாபக்கமும் பாலிதீனால் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டால், மறுநாள் விறகை இன்று அடுப்பின் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். வாய்க்கு முன்னே இல்லாமல், பக்கவாட்டில். பொறி தெறித்துப் பிடித்துக்கொள்ளாத தூரம் வேண்டும்.

எந்த மரம் என்பதும் கணக்குத்தான். சீமைக்கருவேலம், கருவேலம், புளி, சவுக்கு ஆகியவை நின்று எரியும். முருங்கை, முள்ளுமுருங்கை, இலவம் எல்லாம் பஞ்சு மாதிரி, எரிந்த மாதிரியே இருக்காது. தென்னை மட்டை சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். பற்றவைக்க அதையும் நிற்க வைக்கக் கருவேலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்குச்சி அதிகச் சூடு தரும், ஒரேயடியாக நிறையப் போட்டால் சல்லடை போய்விடும். அரளியை அடுப்பில் வைக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. பெயிண்ட் அடித்த பழைய கதவுச் சட்டம், பிளைவுட் துண்டு இரண்டும் அப்படியே.

## கொடியடுப்பு சூடேறவில்லை

முன்வாயில் தீ நன்றாக எரிகிறது, பின்னால் வைத்த குழம்பு கொதிக்கவே மாட்டேன் என்கிறது. கொடியடுப்புக்குப் போகும் சுரங்கத்தில் சாம்பல் சேர்ந்திருக்கலாம். பாத்திரத்தை எடுத்துவிட்டுக் கரண்டியால் வழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சாம்பல் இல்லை என்றால், பின்பாத்திரத்தின் அடியில் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் மண்ணை மேடாக்கி, தீ எழும்பிப் பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டு போகும்படி கட்டியிருக்க வேண்டும். காலப்போக்கில் அந்த மேடு உதிர்ந்துவிடும். அப்போது தீ அடியோடு படுத்துக் குழாய்க்குள் போய்விடுகிறது. குழைத்த மண்ணால் மேட்டைத் திரும்ப எழுப்புங்கள். மேட்டின் உச்சிக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அதற்கும் குறைத்தால் புகை முன்பக்கம் திரும்பும்.

## விறகு மளமளவென்று தீர்கிறது

புகை திரும்புவதற்கு நேர் எதிரான காரணம் இதற்கு: இழுப்பு அதிகம். தீ பாத்திரத்தில் நிற்காமல் குழாய்க்குள் ஓடுகிறது. எரியும்போது குழாயின் அடிப்பக்கத்தை ஒரு குச்சியில் சுற்றிய ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் 'சொய்ய்' என்று உடனே ஆவியானால் உங்கள் விறகில் பாதி வானத்துக்குத்தான் போகிறது.

வாயை ஒரு தகரத் துண்டால் பாதி மறைத்துப் பாருங்கள். சோறு கொதி வந்தபின் விறகில் ஒன்றை இழுத்துவிடுங்கள். குழாயில் அடைப்புத் தகடு இருந்தால் பாதிக்குத் திருப்புங்கள், ஆனால் தணல் இருக்கும்வரை அதை முழுக்க மூடவே கூடாது. காரணம் முதல் தலைப்பில் சொன்னதுதான். மூடி போட்டுச் சமைப்பது, பருப்பை முன்னாலேயே ஊறவைப்பது இவற்றால் மிச்சமாகும் விறகும் கணிசம்.

## குழாயிலிருந்து கறுப்பாக வடிகிறது

கூரை ஓரத்திலோ குழாய் மூட்டிலோ தார் போல, காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ஒழுகிச் சுவரைக் கறையாக்கும். மழைத்தண்ணீர் என்று நினைத்துத் தொப்பியை மாற்றுவார்கள், நிற்காது. இது கீல். பச்சை விறகின் புகை குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது.

விறகை மாற்றுங்கள். கனல விடாமல் சின்னத் தீயாக ஆனால் தழலோடு எரியுங்கள். இரவு முழுக்க ஒரு பெரிய கட்டையைப் புகைய விட்டுவைக்கும் வழக்கம்தான் கீலுக்குப் பெரிய காரணம். அதற்கப்புறமும் மூட்டில் வெளியே வடிந்தால், குழாய்த் துண்டுகளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாயின் அகன்ற வாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் வடிவது குழாய்க்குள்ளேயே இறங்கி எரிந்துபோகும்.

### குழாய்க்குள் 'உர்'ரென்று இரைச்சல், மேலே பொறி பறக்கிறது

படிந்த கீலும் கரியும் தீப்பிடித்துவிட்டன. விறகை வெளியே இழுத்து மண்ணைப் போட்டு அணையுங்கள். அடுப்பு வாயைத் தகரத்தாலோ நன்றாக நனைத்த கோணியாலோ மூடுங்கள். பாத்திரங்களை எடுக்க வேண்டாம், அவை துளைகளை மூடிக்கொண்டிருக்கட்டும். வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றி 101-ஐக் கூப்பிடுங்கள். ஓலைக் கூரை என்றால் குழாயைச் சுற்றியுள்ள கூரையைத் தள்ளி நின்று நனைத்துக்கொண்டே இருங்கள். குழாய்க்குள் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பழுத்த சிமெண்ட் குழாய் வெடித்துச் சிதறும்.

தீ தானாக அடங்கினாலும் மறுநாள் அப்படியே பற்றவைக்கக் கூடாது. ஒவ்வொரு மூட்டையும் கொத்தனார் பார்க்க வேண்டும், வெடித்த துண்டை மாற்ற வேண்டும். கூரையைக் குழாய் துளைக்கும் இடத்தில் ஓலையோ மரமோ குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை வெட்டி விலக்கி, சுற்றிலும் தகரம் வைக்கச் சொல்லுங்கள்.

## அடுப்பில் விரிசல்

முடி கனத்துக்கு மேல்பூச்சில் ஓடும் விரிசல் எல்லா மண்ணடுப்பிலும் வரும். சாணம் மெழுகும்போது மூடிக்கொள்ளும். விரிசலின் ஓரம் கறுத்திருந்தால் அது வழியாகப் புகை வருகிறது என்று அர்த்தம், அதை அடைக்க வேண்டும்.

சிமெண்ட் வேண்டாம். நெருப்பின் சூட்டில் சிமெண்ட் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக உதிரும். கரையான் புற்று மண் கிடைத்தால் அதுதான் சிறந்தது, இல்லையென்றால் குயவர்கள் எடுக்கும் களிமண். மண்ணைச் சலித்து, பொடியாக நறுக்கிய வைக்கோலும் உமிச் சாம்பலும் கலந்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, காலில் மிதித்துக் குழைக்க வேண்டும். கையில் உருட்டினால் விரிசல் விடாமல் உருள வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. விரிசலை ஆணியால் கொஞ்சம் அகலப்படுத்தி, உள்ளே தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின்பே மண்ணை அழுத்துங்கள். காய்ந்த சுவரில் ஈர மண்ணைப் பூசினால் ஒட்டாது, மறுநாளே பெயர்ந்து கையோடு வரும். நிழலில் காயட்டும். முதல் நாள் சுள்ளி மட்டும் போட்டுச் சின்னத் தீ.

விரலே நுழையும் விரிசல், பாத்திரம் வைத்தால் ஆடும் சுவர், ஒரு பக்கம் இறங்கிய அடுப்பு: இவை பூச்சில் தீராது. கொதிக்கும் அண்டா சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றே நிறுத்திவிட வேண்டும்.

## பாத்திரம் அட்டைக்கரி பிடிக்கிறது

விறகு ஈரம், அல்லது தீக்குக் காற்று போதவில்லை, மேலே பார்த்தவைதான். அதுவரை பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தேய்க்கும்போது கரி பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

## வெந்நீர் பாய்லரில் தண்ணீர் ஒழுகுகிறது

நடுவில் குழாய் உள்ள செம்புப் பாய்லரைத் தண்ணீர் குறைவாக இருக்கும்போது எரித்தால் ஈய ஒட்டு உருகிவிடும். அதற்குப் பாத்திரப் பட்டறைதான், வீட்டில் எம்-சீல் வைத்துப் பயனில்லை. சரிசெய்தபின் தண்ணீர் நிரப்பிய பிறகே கரி போடுங்கள். குளியலறைக்குள் வைத்து எரிக்கும் வழக்கம் இருந்தால் பாய்லரை வெளியே எடுத்துவிடுங்கள்.

## இடித்துக் கட்டத்தான் வேண்டும் என்றால்

கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நீங்கள் அன்றாடம் புழங்கும் இரண்டு பாத்திரங்களை அவர் கையில் கொடுத்து, அவற்றை வைத்தே துளை எடுக்கச் சொல்லுங்கள். குழாய் 4 அங்குலம், அடுப்பிலிருந்து நேராக மேலே. அடியில் கரி எடுக்கும் வாசல் கட்டாயம், அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கழற்றி மாற்றக்கூடிய சல்லடை. அடுப்பின் உயரம், சமைப்பவர் நின்று சமைப்பாரா உட்கார்ந்தா என்று கேட்டு, அவரை வரவழைத்து நிறுத்தி அளந்து முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்ததும் கூலியைக் கொடுப்பதற்கு முன் ஊதுபத்தியை ஒரு முறை கொளுத்திப் பாருங்கள். ஈரம் காய இரண்டு வாரம் விட்டுவிட்டு, பிறகு சுள்ளியில் தொடங்குங்கள்.